எம்புட்டு எடம் இருக்கு

கார் வாங்குவதற்கு முன்னால் நான் விசாரிக்காத விஷயம் இல்லை. மைலேஜ் கேட்டேன், சர்வீஸ் எங்கே நன்றாகச் செய்வார்கள் என்று கேட்டேன், வெள்ளையா சாம்பலா என்று பல நாள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டேன். என் மச்சினன் டிக்கி இல்லாத சின்னக் கார் வைத்திருந்தான். அதனால் நம்முடையது டிக்கி வைத்ததாக, ஒரு முழம் நீளமாக இருந்தே தீர வேண்டும் என்பதில் மட்டும் எனக்குக் குழப்பமே வரவில்லை. கல்லூரியில் வணிகவியல் பாடம் நடத்துகிறவன், எதையும் கணக்குப் பார்த்துச் செய்கிறவன் என்று சொந்தக்காரர்களிடையே எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரோடு போய்க் காரை எடுத்து, மாலை போட்டு, நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் தெருவுக்குள் மெதுவாக ஓட்டி வந்து, வீட்டு வாசலில் நிறுத்திய பிறகுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் விசாரித்த நான் வீட்டை அளக்கவில்லை.

காரின் மூக்கு போர்டிகோச் சுவரை முட்டிக்கொண்டு நின்றபோதும் டிக்கி தெருவில் நீட்டிக்கொண்டிருந்தது. கேட்டைச் சாத்த முடியவில்லை. ஆரத்தித் தட்டோடு நின்ற என் மனைவி காரையும் கேட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இப்ப எதை வெட்டுறது?" என்றாள்.

அப்போதுதான் எதிர்வீட்டு அண்ணன் தெருவைக் கடந்து வந்தார். கைலி, தோளில் துண்டு, குளித்த ஈரம் காயாத தலை. அவரை யாரும் கூப்பிடவில்லை. அவரைக் கூப்பிட வேண்டிய அவசியம் எந்தக் காலத்திலும் யாருக்கும் வந்ததில்லை. காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கூரையில் ஒரு தட்டு தட்டினார்.

"எதுக்குத் தம்பி மலைச்சுப் போயி நிக்கிறீங்க? எம்புட்டு எடம் இருக்கு! வண்டிய வெளிய எடுத்து, பின்பக்கமா, குறுக்க விடுங்க. நான் பாத்துக்கிறேன்."

போர்டிகோவுக்குள் போய் நின்றுகொண்டு இரண்டு கையாலும் என்னை அழைத்தார். "வாங்க... வாங்க... வரலாம்... இன்னும் வரலாம்... தாராளமா வாங்க..." அவர் குரலில் இருந்த உறுதி எனக்குப் பிடித்திருந்தது. என்னிடம் இல்லாதது அதுதான். தாராளமாக வந்தேன். தகரம் நசுங்கும் சத்தம் கேட்டது. தெருவில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் "ச்சொ" என்றார்கள்.

அவர் குனிந்து பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"செவரு கொஞ்சம் முன்னாடி வந்துருச்சு தம்பி. கொத்தனார் வேலை அம்புட்டுத்தான். வண்டிக்கு ஒண்ணுமில்ல."

கோணலாக நிறுத்தினால் கேட்டைச் சாத்த முடியும் என்று அவர் சொன்னது மட்டும் உண்மையாக இருந்தது. சாத்தினோம். கார் உள்ளே இருந்தது. நாங்கள்தான் வீட்டுக்குள் போக முடியவில்லை. வயிற்றை எக்கிப் பக்கவாட்டில் நழுவிப் போவதற்கு நானும் மனைவியும் பழகிக்கொண்டோம். வருகிற விருந்தாளிகளிடம், வாசலில் செருப்பைக் கழற்றுங்கள் என்று சொல்வதைப்போல, மூச்சை வெளியே விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லும் நிலைமை வந்தது.

அண்ணன் பல்கலைக்கழகத்தில் மாணவர் விடுதி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அறை ஒதுக்குவது அவர் வேலை. அந்த வேலைக்கு இவரைவிடப் பொருத்தமில்லாத ஆளை யாரும் தேடிப் பிடித்திருக்க முடியாது. இடம் இல்லை என்ற வார்த்தை அவருக்கு வாயில் வராது. கம்பம் பக்கத்திலிருந்தோ ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்தோ ஒரு தகப்பன் மகனையும் டிரங்குப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் போதும், மூன்று பேர் அறையில் ஐந்தாவது ஆளாகப் பையனைச் சேர்த்துவிடுவார். கேட்டால், ரெண்டு பேரு பகல்ல தூங்கட்டும் என்பாராம். வார்டன்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். இவர் திட்டு வாங்கிக்கொண்டே இருந்தார். அப்படியும் மிஞ்சிய பையன்கள் அவர் வீட்டு மாடியில் இருந்தார்கள். நான் அந்தத் தெருவுக்குக் குடிவந்த புதிதில், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று என் மனைவிக்கு வெகுநாள் பிடிபடவில்லை. ஒரே ஒரு மகள்தான். அவளையும் தென்காசிப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார். இப்போது அவரும் அங்கேதான் இருக்கிறார். எதிர்வீட்டில் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. பழைய மொபெட் ஒன்று வைத்திருந்தார். அதுவும் பெரும்பாலும் யாரிடமாவது இரவல் போயிருக்கும். ஆனால் என் காரை எங்கள் தெருவில் அதிகம் கவனித்தவர் அவர்தான். அடியில் படுக்கும் நாயை விரட்டுவார். மழை வந்தால் நான் எழுந்து வருவதற்குள் கண்ணாடி ஏற்றியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். பிறரிடம் பேசும்போது அது 'நம்ம வண்டி'. என் மனைவியிடம் நான் சொல்லும்போது அது 'என் கார்'. டாக்டரிடம் போக வேண்டும் என்று அவள் சொல்லும்போது மட்டும் அது நம்ம காராக மாறும்.

ஒருமுறை என் காருக்குள் எலி புகுந்துவிட்டது. பானட்டைத் திறந்தால் ஒயரைக் கடித்துத் துப்பியிருந்தது. புகையிலைக்கு எலி வராது என்றார் அண்ணன். அவரே போய் ஒரு கட்டுப் புகையிலை வாங்கி வந்து, துணியில் முடிந்து, எஞ்சின் பக்கம் பார்க்குமிடமெல்லாம் தொங்கவிட்டார். மறுநாள் ஏசியைப் போட்டதும் கார் முழுக்கப் புகையிலை நெடி. கல்லூரியில் துறைத்தலைவர் என் பக்கத்தில் வந்து இரண்டு தரம் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "உடம்பைப் பாத்துக்கங்க சார்" என்றார். மனைவி என் சட்டைப் பையைச் சோதித்தாள். எலி போகவில்லை. அதற்கு அந்த வாசனை பழகிவிட்டது. எனக்குத்தான் தலைவலி வந்தது.

மதுரைச் சிம்மக்கல் சம்பவத்தையும் சொல்ல வேண்டும். என் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு மொத்தக் கடையில் மளிகை வாங்கப் போனோம். வண்டியை வைகை ஆற்றோரமாகவே நிறுத்திவிட்டு நடந்து போகலாம் என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன சில நல்ல யோசனைகளில் அது ஒன்று. அவர் கேட்கவில்லை. "மூட்டைய யாரு தம்பி தூக்குறது? கடை வாசல் வரைக்கும் போகலாம். எம்புட்டு எடம் இருக்கு!" என்று இறங்கி முன்னால் நடந்தார். நான் பின்னால் ஓட்டினேன். சந்து குறுகிக்கொண்டே போனது. ஒரு பக்கம் சரக்கு வேன், இன்னொரு பக்கம் சாக்கடை. ஒரு கட்டத்தில் எந்தக் கதவையும் திறக்க முடியவில்லை. பின்னால் ஆட்டோக்கள் வரிசையாக வந்து ஒலி எழுப்ப ஆரம்பித்தன. கடைக்கார பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, என் கண்ணாடியைத் தட்டினார்.

"என்ன சார், பொருள் வாங்க வந்தீங்களா, காரையே கடைக்குள்ள ஏத்த வந்தீங்களா?"

நான் கண்ணாடிக்குள் இருந்துகொண்டு கைகூப்பினேன். வேறு என்ன செய்ய முடியும்? அண்ணன் இதற்குள் வேன்காரரை நகர்த்தச் சொல்லி, மூட்டை தூக்குகிறவர்களைக் கூட்டி, பாயின் கடை வாசலில் இருந்த வெங்காயக் கூடைகளை எடுக்கவைத்து, பாதிச் சந்தையையே வேலை வாங்கிக்கொண்டிருந்தார். எப்படியோ வெளியே வந்தேன். வலது பக்கக் கண்ணாடி மடங்கித் தொங்கியது. வரும் வழியெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அவர் மட்டும், "பாயி தங்கமான மனுசன் தம்பி. டீ வாங்கிக் குடுத்தாரு. ஒங்களுக்குத்தான் கதவத் தொறக்க முடியல" என்றார்.

ஒவ்வொரு முறையும் இனி இவர் பேச்சைக் கேட்கக்கூடாது என்றுதான் நினைப்பேன். ஆனால் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று ஒருவர் "வரலாம்" என்று சொன்னால் எனக்கு வரத்தான் தோன்றும். வரக்கூடாது என்று சொல்கிறவர்கள் வீட்டுக்குள்ளேயே எனக்கு நிறையப் பேர் இருந்தார்கள்.

எதற்கெடுத்தாலும் ஊருக்காகக் காரைக் கேட்கிறவர், தனக்காக ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு விடுமுறை நாளில் காலையிலேயே வந்து நின்றார்.

"தம்பி, ஒரு எடத்துக்குப் போகணும். எனக்குத்தான்."

பின்னால் நின்ற அவர் மனைவி, எங்கள் மதினிதான் விஷயத்தைச் சொன்னார். சோற்றில் ஊற்ற வேண்டிய ரசத்தை அண்ணன் இலைக்கு வெளியே ஊற்றுகிறாராம். வாசற்படியில் இரண்டு முறை தடுக்கி விழுந்துவிட்டாராம். கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. வெகுநேரம் விளக்கடித்துப் பார்த்தார்.

"ஐயா, ஒங்களுக்கு இடது கண்ணுல பார்வையே இல்லையே. சின்ன வயசுலருந்தே இருந்துருக்கும். தெரியாதா?"

"தெரியும்மா. அதான் இன்னொண்ணு இருக்குல்ல."

"அந்த இன்னொண்ணுலயும் புரை நல்லா முத்திருச்சு. ஒத்தக் கண்ணுல பாத்தா எது பக்கத்துல, எது தள்ளின்னு சரியாப் பிடிபடாது. இப்ப அதுவும் மங்கல். வண்டி எதுவும் ஓட்டுறீங்களா?"

"நான் ஓட்டுறதில்லம்மா. இவருதான் ஓட்டுவாரு. நான் பின்னாடி நின்னு எடம் பாத்துச் சொல்லுவேன்."

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடம் நான் வாங்கிய பட்டங்கள் எல்லாம் அந்த ஒரு பார்வையில் போய்விட்டன. என் காரின் பின்பக்கம், இரண்டு பக்கம், சிம்மக்கல்லில் தொங்கிய கண்ணாடி எல்லாம் ஒவ்வொன்றாக என் கண்முன் வந்தன. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு மதினியைப் பார்த்தேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தார்.

"இருக்குறதே ஒண்ணு. அதுலயும் கத்தி வைக்கணும்கிறாங்களே தம்பி" என்றார்.

எனக்குச் சிரிப்பு போய்விட்டது. அறுவை சிகிச்சை நடந்த அன்று வெளியே பெஞ்சில் மதினி பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, நான் கண்ட சாமியையெல்லாம் வேண்டினேன். அண்ணன் மட்டும் உள்ளே போகும்போது, வரிசையில் பின்னால் நின்ற கிழவியிடம், "வாங்காத்தா, மொதல்ல நீங்க போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நர்சு அதட்டித்தான் அவரை உள்ளே இழுத்துப் போனார்.

நல்லபடியாக முடிந்தது. கட்டு அவிழ்த்துக் கறுப்புக் கண்ணாடி போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். சில நாள் கழித்துக் கண்ணாடியைக் கழற்றலாம் என்றார்கள். கழற்றிய அன்று காலை தெருவில் நிறுத்தியிருந்த காரைப் பேச்சுக்குரல் இல்லாமல் யாரோ சுற்றி நடப்பது தெரிந்து எட்டிப் பார்த்தேன். அண்ணன் பின்பக்கம் குனிந்து பம்பரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"யாரு தம்பி இப்படிப் போட்டு இடிச்சு வச்சது?"

"பழசுண்ணே. விடுங்க."

"இந்தக் கோடு?"

"அதுவும் பழசுதான்."

அவர் துண்டை எடுத்து அந்த இடத்தைத் துடைத்தார். துடைத்தால் போகிறதா என்று பார்த்தார். பிறகு தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து என் காருக்குப் பின்னால் வந்து நிற்பதை நிறுத்திவிட்டார். நான் காரை எடுக்கும் சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுவார். நானும் கௌரவமாக ரிவர்ஸ் கேமரா ஒன்று பொருத்தினேன். அது எவ்வளவு இடம் இருந்தாலும் 'பீப் பீப்' என்று கத்தும். பயந்து பயந்து பாதியிலேயே நிறுத்துவேன். இப்போது டிக்கிக்குப் பதிலாகக் காரின் மூக்கு தெருவில் நீட்டிக்கொண்டு நின்றது. கத்தலைப் பொருட்படுத்தக் கூடாது என்று ஒருநாள் துணிந்து தெருவில் பின்னால் எடுத்துத் திருப்பியபோது, அவர் வீட்டு வாசல் செம்பருத்தித் தொட்டியை உடைத்தேன். "பரவால்ல தம்பி, அங்க எடம் பத்தாது. அங்க வச்சது எங்க தப்பு" என்றார். இடம் பத்தாது என்று அவர் சொல்லி நான் அன்றுதான் கேட்டேன். மாடிப் பையன்களிடமும் கணக்குப் பார்த்துப் பேச ஆரம்பித்திருந்தார். "கண்ணு வந்துச்சு, மனுசன் சுருங்கிட்டாரு" என்று மதினி என் மனைவியிடம் சொன்னாராம்.

மேலூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் அண்ணனுடைய சொந்தத்தில் ஒரு காதுகுத்து. எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். நானும் மனைவியும், அவரும் மதினியும். கிளம்புகிற நேரத்தில் அவருடைய மச்சினியும் சகலையும் வந்து சேர்ந்தார்கள். ஆறு பேர் ஏற வேண்டும் என்றதும் அவர் தயங்கினார்.

"ஆறு பேருக்குச் சேராது தம்பி. நாங்க பஸ்ல வாரோம்."

மதினிதான் அவரைப் பிடித்து முன்சீட்டில் உட்காரவைத்தார். பின்னால் நான்கு பேர். கார் பின்பக்கம் தாழ்ந்து, ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிவயிறு உரசியது. உரசும்போதெல்லாம் எனக்கும் உரசியது. போய்ச் சேர்ந்து, கறிச்சோறு சாப்பிட்டு, மதிய வெயிலில் திரும்பினோம். இப்போது எல்லாருக்கும் எடை கூடியிருந்தது.

கல்குவாரிக்குப் பிரியும் பாதைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பெண் நடுரோட்டுக்கே வந்து கையை ஆட்டினாள். இடுப்பில் ஒரு சிறுமி. தலை தோளில் சாய்ந்து கிடந்தது. நிறுத்தினேன்.

"தேளு கொட்டிருச்சு சார். வெறகு எடுக்கப் போச்சு. வாந்தியா எடுக்குது, ஒடம்பு சில்லுன்னு ஆகுது. அவுக அப்பா குவாரிக்குள்ள இருக்காக, போன் போகல. ஆம்புலன்சுக்குச் சொல்லிருக்கு, இன்னும் வரல சார்."

நான் திரும்பி உள்ளே பார்த்தேன். பின்சீட்டில் நான்கு பேர் ஒருவர் மேல் ஒருவராக இருந்தார்கள். என் மூளைக்கு எப்போதும் முதலில் வருவது கணக்குதான். ஆறும் இரண்டும் எட்டு. வேகத்தடைகள். வாந்தி. போன வாரம்தான் போட்ட சீட் உறை. "வண்டில ஆள் நிறைய இருக்கும்மா, இருங்க, ஆம்புலன்சுக்கு நானும் ஒரு போன்..." என்று ஆரம்பித்தேன்.

இடப்பக்கம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் இறங்கிவிட்டார். பின்கதவைத் திறந்து மதினியின் கையைப் பிடித்தார். அவர் இறங்கினார். மச்சினியும் சகலையும் என்ன ஏது என்று கேட்டுக்கொண்டே இறங்கினார்கள். அந்தப் பெண்ணை உள்ளே உட்காரவைத்து, சிறுமியின் கால்களைத் தூக்கி என் மனைவி மடியில் வைத்துவிட்டு, கதவைச் சாத்தினார்.

"நீங்க?" என்றேன்.

"போங்க தம்பி!"

அந்தத் தொனியில் அவர் என்னிடம் பேசியதே இல்லை. போனேன். கண்ணாடியில் பார்த்தேன். நிழலே இல்லாத ரோட்டோரத்தில் பட்டுச்சேலையிலும் வெள்ளை வேட்டியிலும் நான்கு பேர், கல்யாண வீட்டில் போட்டோவுக்கு நிற்பவர்களைப் போல வரிசையாக நின்றார்கள்.

வேகத்தடைகள் எங்கே வந்தன, எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. மேலூர் ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். ஊசி போட்டார்கள், சலைன் ஏற்றினார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தாலும் சிரமம், இனிப் பயமில்லை என்று வெளியே வந்த டாக்டர் சொன்னபோதுதான், காரைக் கதவுகூடச் சாத்தாமல் வாசலிலேயே விட்டு வந்தது நினைவுக்கு வந்தது. மனைவியை அந்தப் பெண்ணுக்குத் துணையாக விட்டுவிட்டு அதே ரோட்டில் திரும்பிப் போனேன். இறக்கிவிட்ட இடத்தில் யாரும் இல்லை. போன் அடித்தேன். எடுக்கவில்லை. ஒவ்வொரு பஸ் நிறுத்தமாகப் பார்த்துக்கொண்டே மறுபடி மேலூர் வந்து, அந்தப் பெண்ணின் கணவர் வந்து சேர்ந்த பிறகு மனைவியை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், எதிர்வீட்டு வாசலில் அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மதினி வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கல் லாரியில் ஏறி மேலூர் வரை வந்து, அங்கிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார்களாம். சகலை கோபித்துக்கொண்டு போய்விட்டாராம்.

"புள்ளைக்கு எப்படி?"

"நல்லா இருக்குண்ணே. நாளைக்கு எந்திரிச்சு உக்காரும்னு டாக்டர் சொன்னாரு." நான் ஊசியைச் சொன்னேன், சலைனைச் சொன்னேன், டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். சீட் உறையைத் துவைக்கப் போட வேண்டியிருப்பதையும் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"புள்ள பேரென்ன?"

எனக்குத் தெரியவில்லை. மனைவியைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியவில்லை.

"சரி, காலைல போயிக் கேட்டுட்டு வருவோம்" என்றார்.

போனோம். வார்டில் சிறுமி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். அண்ணன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"தாயி, ஓம் பேரென்ன?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு, "பவித்ரா" என்றாள். பன்னை விழுங்கிவிட்டு, "ஒங்க பேரு?" என்று கேட்டாள்.

அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டரிடம் சொல்வதைப்போல, அப்பா பேரையும் சேர்த்து, தன் முழுப்பேரையும் சொன்னார். பவித்ரா தலையை ஆட்டினாள்.

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். தெருவில் எல்லாரும் அவரை யுனிவர்சிட்டிக்காரர் என்பார்கள். எனக்கு அண்ணன். என் போனில் அவர் 'எதிர்வீடு'. அத்தனை வருடம் எதிரெதிரே இருந்தும், அந்தப் பேரை நான் அன்றுதான் கேட்டேன். தேள் கொட்டிய ஒரு சின்னப் பெண் கேட்டு, நான் தெரிந்துகொண்டேன்.

திரும்பி வரும் வழியில், ஒத்தக்கடைப் பக்கம் போக்குவரத்தில் நின்றபோது, அந்தப் பேரைச் சொல்லி, அதோடு அண்ணே என்று சேர்த்து, ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தேன்.

ஜன்னல் வழியாக யானைமலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்பினார்.

"என்ன தம்பி, புதுசா இருக்கு?"

"ஒண்ணுமில்லண்ணே" என்று கியரை மாற்றினேன்.